குழந்தைகளோடு கன்னேரிமுக்கு பங்களாவைப் பார்ப்பது எப்படி

கோத்தகிரி கடைவீதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், கன்னேரிமுக்கு என்னும் ஊரில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா நிற்கிறது. நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடாகக் கருதப்படும் இந்தக் கட்டடம், நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்து, பின்னர் பழுதுபார்க்கப்பட்டு, இன்று நீலகிரி ஆவண மையத்தின் சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது. பெத்தக்கல் பங்களா என்றும், சல்லிவன் நினைவகம் என்றும் இதனைச் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். மலையின் பழைய படங்களும், இங்கு வாழும் பழங்குடி மக்களைப் பற்றிய விவரங்களும், பழம்பொருள்களும் உள்ளே இருக்கின்றன. பெரியவர் ஒருவர் நிதானமாகப் படித்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் குழந்தை ஒன்று தன் போக்கில் சுற்றினால் பத்து நிமிடத்தில் எல்லா அறைகளையும் பார்த்து முடித்துவிட்டு, வாசலில் நின்று அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தை முக்கால் மணி நேரமாக நீட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். "மியூசியத்துக்குப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துச் சென்றால், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்த குழந்தை திமிங்கல எலும்புக்கூட்டைத் தேடும். "இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் குடியிருந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வீடு தெரிந்த விஷயம். அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, தூங்குவது எங்கே என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இடத்தில் பார்க்க வேண்டிய முதல் பொருள் வீடுதான் என்பது என் கருத்து. சுவரில் மாட்டியுள்ள விளக்கப் பலகைகளை வரிசையாகப் படித்துக்காட்டத் தொடங்கும் பெற்றோர், இரண்டாவது பலகையிலேயே குழந்தைகளை இழந்துவிடுகிறார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு, கதையைச் சுருக்கமாகச் சொல்லிவைப்பது நல்லது. 1812-இல் நில அளவைக்காக வில்லியம் கீஸ் என்பவர் இந்த மலைக்கு ஏறினார். 1818-இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பி, மேலே குளிர்ந்த நாடு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட சல்லிவன் 1819 ஜனவரியில் தாமே ஏறினார். அப்போது வண்டிப் பாதை எதுவும் கிடையாது. சமவெளியிலுள்ள சிறுமுகையிலிருந்து கன்னேரிமுக்குக்குப் பக்கத்திலுள்ள திம்பட்டி வரை மெக்பர்சன் என்னும் ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் 1821-இல் பாதை போடத் தொடங்கி, 1823-இல் முடித்தார்கள். அதற்குள் சல்லிவனின் கவனம் ஊட்டிப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. இவ்வளவு போதும். கிழக்கிந்தியக் கம்பெனி, திப்பு சுல்தான், சென்னை மாகாணம் என்று விரித்துக்கொண்டே போனால் நாளைய பயணம் பாட வகுப்பாகிவிடும்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். "நீலகிரியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன்" என்று பள்ளி விழாக்களில் பேசுவதுபோல் குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் ஏறி வந்தபோது இங்கே தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கோத்தர்கள் இரும்பு அடித்தும் மண்பாண்டம் வனைந்தும் வந்தார்கள். படுகர்கள் ஹட்டி எனப்படும் தங்கள் ஊர்களைச் சுற்றிச் சாமையும் ராகியும் விளைவித்தார்கள். குறும்பர்களும் இருளர்களும் காட்டிலும் சரிவுகளிலும் வாழ்ந்தார்கள். ஐரோப்பியரை எடுத்துக்கொண்டாலும், ஃபெனிசியோ என்னும் பாதிரியார் 1603-லேயே மலையேறித் தோடர்களைச் சந்தித்துவிட்டுப் போயிருக்கிறார். சல்லிவன் செய்தது வேறு: ஆங்கிலேயர் இங்கே வந்து தங்குவதற்கு வழி திறந்தார். இந்த வேறுபாட்டை எட்டு வயதுக் குழந்தை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

பயணத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 1,800 மீட்டர் அளவுக்கு ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறைவதால், கீழே வியர்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். அதைப் பெட்டிக்குள் வைக்காமல் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் குறைவதால் காது அடைக்கும். மிட்டாய் ஒன்றைச் சப்பக் கொடுத்தாலோ, கொட்டாவி விடச் சொன்னாலோ சரியாகிவிடும். வளைவுகளில் வாந்தி வரும் குழந்தைகளுக்கு வயிறு முட்ட உணவு கொடுக்காமலும், வெறும் வயிற்றோடும் விடாமலும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பார்க்க விடாமல் சாலையைப் பார்க்கச் சொன்னால் பாதித் தொல்லை குறையும்.

ஏறும் வழியிலேயே ஒரு கேள்வியைப் போட்டுவைக்கலாம்: சல்லிவன் எதில் ஏறி வந்திருப்பார்? பெரும்பாலான குழந்தைகள் மலை ரயில் என்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். ஊட்டியை எட்டியது 1908-இல். சல்லிவனோ 1855-இலேயே இறந்துவிட்டார்.

வெளி மாவட்ட வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதற்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம் என்பதால், அந்த நாள்களில் கோத்தகிரிக்கு நேராக ஏற முடியாமல் போகலாம். மழையைப் பொறுத்தவரை, ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவம் வலுத்துப் பெய்யும் காலத்தில் கோத்தகிரி ஓரளவு தப்பித்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவம் நேராக இந்தக் கிழக்குச் சரிவைத்தான் தாக்கும். 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை இப்பகுதியினர் மறக்கவில்லை. ஆகவே அந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பதே குழந்தைகளோடு வருபவர்களுக்கு நல்லது. வார நாளின் காலை நேரம் மிகவும் ஏற்றது. திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் கோத்தகிரியில் இறங்கியதும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பங்களாவுக்குப் போகுமுன் குழந்தைகளின் கால்களுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து வந்த குழந்தையை நேராக ஒரு பழைய வீட்டுக்குள் விட்டு, ஓடாதே, தொடாதே என்று சொல்வது நியாயமில்லை. கடைவீதியருகே உள்ள நேரு பூங்காவில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கழிப்பறை, சாப்பாடு இரண்டையும் ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். வர்க்கி வாங்கினால் அதையும் வெளியிலேயே தின்றுவிட்டு, சட்டையில் ஒட்டிய தூளை உதறிவிட்டு உள்ளே போகட்டும்; உதிரும் துணுக்குகளுக்கு எறும்பும் பூச்சியும் வரும், பூச்சிகள் பிறகு மரத்துக்கும் காகிதத்துக்கும் போகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதால், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவர வேண்டும்.

உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று விதிகளைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். "தொடக்கூடாது" என்பதை மட்டும் கேட்ட குழந்தை, யாரும் பார்க்காதபோது தொட்டுப்பார்க்கும். விரல் நுனியிலுள்ள வியர்வையில் உப்பு இருக்கிறது, அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், பழைய காகிதத்தில் கறையாகப் படியும் என்று கேட்ட குழந்தையோ அடுத்தவரையும் தொடவிடாது. முதுகுப் பையைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். சிறிய அறைகளில் குழந்தை திரும்பும்போது பைதான் எதையாவது இடிக்கும். குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில் போதும். பென்சில் கோட்டை அழித்துவிடலாம், மை சிந்தினால் போகாது. படம் எடுக்கலாமா என்று அங்கிருப்பவரிடம் குழந்தையையே கேட்கவிடுங்கள். "ஐயா, படம் எடுக்கலாமா?" என்று குழந்தை கேட்டதும், பொறுப்பாளர் தாமாகவே பத்து விஷயங்களைச் சொல்லத் தொடங்குவதை இத்தகைய சிறிய இடங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய அருங்காட்சியகங்களில் கிடைக்காத வசதி இது.

உள்ளே போனதும் முதல் ஐந்து நிமிடம் எதையும் விளக்காதீர்கள். அவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பத்து நிமிடச் சுற்றில் பாதி இதிலேயே கழிந்துவிடும், அவசரமும் தணியும். பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி, வீட்டைப் பார்க்கத் தொடங்குங்கள்.

சுவரிலிருந்து தொடங்கலாம். ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமன் தெரியும் இடத்தில், கையைச் சுவரில் வைக்காமல் காற்றிலேயே சாண் போட்டு எத்தனை சாண் என்று கணக்கிடச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் தங்கள் வீட்டுச் சுவரையும் அளக்கட்டும். கோயம்புத்தூரின் பழைய வீடுகளில் தடித்த சுவர் வெயிலை வெளியே நிறுத்தியது. இங்கே குளிரை நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்து கணப்பு. எந்த அறையில் தீ மூட்டியிருப்பார்கள், புகை எந்த வழியாக வெளியேறியிருக்கும் என்று தேடச் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு கூரையைப் பார்த்து விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தீ மூட்டியது எப்படி என்ற கேள்வி அடுத்து வரும். உரசினால் பற்றும் தீக்குச்சி இங்கிலாந்திலேயே விற்பனைக்கு வந்தது 1827-இல்தான். ஆகவே சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டியோ, அணையாமல் காத்துவைத்த நெருப்பிலிருந்து எடுத்தோதான் இந்த வீட்டில் விளக்கேற்றியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கும் அப்போது கிடையாது.

இதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வியை நான் முக்கியமானதாக நினைக்கிறேன்: இந்த வேலைகளையெல்லாம் செய்தது யார்? தண்ணீர் சுமந்தது, விறகு வெட்டியது, கீழேயிருந்து பாதையில்லாத மலையில் பெட்டிகளையும் சாமான்களையும் தூக்கி ஏறியது யார்? கலெக்டரின் பெயர் வீட்டுக்கு இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. குழந்தைகள் பெரும்பாலும் பெரியவர்களைவிட வேகமாக இதைப் பிடித்துக்கொள்வார்கள். பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

படங்கள் இருக்கும் பகுதிக்கு வந்ததும், எல்லாவற்றையும் பார்க்க வைக்க முயல வேண்டாம். ஆளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நினைவிலிருந்து சொல்ல வேண்டும் என்று ஒரு போட்டி வையுங்கள். எத்தனை மனிதர்கள், காலில் செருப்பு உண்டா, பின்னால் மரங்கள் உண்டா, யாராவது சிரிக்கிறார்களா? இதில் தாத்தா பாட்டிகளும் சேர்ந்துகொள்ளலாம். சில நேரம் அவர்கள்தான் வெல்வார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புதிர் போடலாம்: இந்தச் சுவர்களில் உள்ள எந்தப் புகைப்படமும் 1819-இல் எடுக்கப்பட்டதாக இருக்க முடியாது, ஏன்? புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான் என்பது விடை. அதற்கு முந்தைய காலத்தைக் காட்டும் படங்கள் எல்லாம் ஒருவர் உட்கார்ந்து வரைந்தவை. வரைந்தவர் தமக்குப் பிடித்ததைச் சேர்த்திருக்கலாம், பிடிக்காததை விட்டிருக்கலாம் என்பதையும் சொன்னால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வரலாற்றுச் சான்றுகளைப் பற்றிய நல்ல பாடம் ஒன்று கிடைத்துவிடும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். கதவுகளை எண்ணுவது, படத்தில் எருமையைக் கண்டுபிடிப்பது, இவ்வளவுதான் அவர்களுக்கு. சிணுங்கத் தொடங்கியதும் ஒருவர் அவர்களை வெளியே அழைத்துப்போக, மற்றவர் பெரிய பிள்ளைகளோடு இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக் குழுவாக வருகிற ஆசிரியர்கள் ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் உள்ளே அனுப்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது, வீட்டுக்கும் நல்லதல்ல. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, வெளியில் இருப்பவர்களுக்குக் கட்டடத்தை வரையும் வேலையைக் கொடுங்கள்.

வெளியே வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். என் பார்வையில் இந்த வருகையின் சிறந்த பகுதி இனித்தான் தொடங்குகிறது. பங்களாவின் எதிரே நின்று, கண்ணுக்குத் தெரியும் காட்சியிலிருந்து 1819-இல் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லுங்கள். மின்கம்பியும் செல்போன் கோபுரமும் முதலில் போகும். அதை எல்லாக் குழந்தைகளும் சொல்வார்கள். தார்ச்சாலை போகும். பிறகு தேயிலை. இதில் அவர்கள் திகைப்பார்கள், ஏனெனில் நீலகிரி என்றாலே தேயிலை என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ஊட்டிக்கு அருகேயுள்ள கேத்தியில் தேயிலையை வைத்துப் பார்த்ததே 1830-களில்தான். தோட்டங்களாகப் பரவியது அதற்குப் பின்னர். அடுத்து உயர்ந்து நிற்கும் கற்பூர மரங்கள், அதாவது யூகலிப்டஸ். அவை ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் கொண்டுவரப்பட்டவை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போன்ற இங்கிலீஷ் காய்கறிகள் இங்கே வேரூன்றியதில் சல்லிவனுக்கே பெரும்பங்கு உண்டு என்பார்கள். ஆகவே அவர் வந்த அன்று அவையும் இல்லை. ஊட்டியின் ஏரி அவர் காலத்தில் வெட்டியது, தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது. எல்லாவற்றையும் நீக்கிய பின் எஞ்சுவது புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, ஆங்காங்கே ஹட்டிகள், அவற்றைச் சுற்றிய வயல்கள். அந்தக் காட்சியைத் தாளில் வரையச் சொல்லுங்கள். உள்ளே பார்த்த பழைய படம் ஏன் அவ்வளவு வெறுமையாக இருந்தது என்பது அப்போது விளங்கும்.

வளர்ந்த பிள்ளைகள் இந்த இடத்தில் நிலத்தைப் பற்றிக் கேட்கக்கூடும். தோடர்களின் மேய்ச்சல் நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்குச் சல்லிவன் வாங்கினார் என்று சொல்லப்படுகிறது; அதே சல்லிவன் தோடர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று கம்பெனி அரசிடம் வாதாடியவரும்கூட. இரண்டையும் சொல்லுங்கள். ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று உடனே பிரித்துவிட வேண்டிய அவசியம் பிள்ளைகளுக்கு இல்லை. நமக்குத்தான் அந்த அவசரம்.

ஆர்வம் மிஞ்சியிருந்தால் அடுத்து எங்கே போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் 1830-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆலயத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுத்துவரப்பட்டவை. ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தில், கன்னேரிமுக்கில் படமாகப் பார்த்த வாழ்க்கையைப் பொருள்களாகப் பார்க்கலாம். இரண்டையும் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பங்களா, பாலாடா, படகு சவாரி என்று அடுக்கினால் குழந்தைக்கு நினைவில் நிற்பது படகு மட்டும்தான்.

சமவெளிக்கு அன்றே திரும்புபவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் கோத்தகிரியை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. மாலையில் மூடுபனி இறங்கினால் வளைவுகளில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் சாலையோரம் வரும். குழந்தைகள் கேட்டாலும் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது. பலாப்பழக் காலத்தில், மேட்டுப்பாளையம் செல்லும் சாலையிலுள்ள குஞ்சப்பனைப் பகுதியில் யானைகளின் நடமாட்டம் அதிகம் என்பதால், இருட்டுவதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிடும்படி நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.